‘தைரியமா இருங்க’ என்று சொல்வதை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள்

கேள்வி:

வணக்கம் டாக்டர். என் வீட்டுக்காரருக்கு வயது 53. கல்யாண சமையல் மாஸ்டர். போன வருஷம் கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண் வந்தது. சதை டெஸ்ட் எடுத்ததில் கேன்சர் என்றார்கள். ஆபரேஷன் செய்து, நெஞ்சிலிருந்து சதை எடுத்துக் கன்னத்தில் வைத்தார்கள். பிறகு 30 நாள் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தார்கள். எல்லாம் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. ‘இப்போது நோய் இல்லை, ரிவியூவுக்கு வந்தால் போதும்’ என்கிறார் டாக்டர். ஆனால் இவர் பழைய ஆளாக இல்லை. நாக்கில் ருசி தெரியவில்லை. கொல்லைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். பேரன் வந்தால்கூடத் தூக்குவதில்லை. விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். ரிவியூ வருகிற வாரம் கை நடுங்குகிறது. ‘புகையிலை போட்டேன், அனுபவிக்கிறேன்’ என்கிறார். போன வாரம், ‘நான் போய்ட்டா உங்களுக்கெல்லாம் நிம்மதி’ என்றார். மனசை விட்டால் நோய் திரும்பி வரும் என்று ஊரே சொல்கிறது. அதனால் தைரியம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். மனநல டாக்டரிடம் போனால் மாத்திரைக்கு அடிமையாகிவிடுவார் என்று கொழுந்தனார் தடுக்கிறார். நான் என்ன செய்வது? எனக்கும் கொஞ்ச நாளாகத் தூக்கம் இல்லை. அது போகட்டும்.

– ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் பிறகு. ‘நான் போய்ட்டா உங்களுக்கெல்லாம் நிம்மதி’ என்றாரே, அதை இன்றைக்கே அவரிடம் பேசிவிடுங்கள். ஏதோ விரக்தியில் வந்த வார்த்தை என்று விட்டுவிடாதீர்கள். புற்றுநோய் வந்தவர்களுக்குத் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். வாய், தொண்டைப் புற்றுநோய் வந்தவர்களுக்கு அது இன்னும் அதிகம் என்று பல நாடுகளின் பதிவேடுகள் காட்டுகின்றன. முகம், பேச்சு, சாப்பாடு மூன்றிலும் ஒரே நேரத்தில் கைவைக்கிற நோய் இது.

வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவர் பக்கத்தில் உட்காருங்கள். ‘அன்னைக்கு அப்படிச் சொன்னீங்களே, செத்துப் போயிரலாம்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் நாமே அந்த நினைப்பை எடுத்துக் கொடுத்தது போலாகிவிடுமோ என்ற பயம் எல்லாக் குடும்பங்களுக்கும் உண்டு. அப்படி ஆவதில்லை. இத்தனை நாள் தனியாகச் சுமந்ததை ஒருவரிடம் இறக்கி வைத்த ஆறுதல்தான் பெரும்பாலும் முகத்தில் தெரியும். ‘ஆமா’ என்றால், எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். வழி யோசித்து வைத்திருந்தால் அவரைத் தனியாக விடக்கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போய்விட வேண்டும்.

அவர் என்ன பதில் சொன்னாலும் சரி, பூச்சிமருந்து, எலிமருந்து எதுவும் வீட்டில் இருக்க வேண்டாம். ஆபரேஷன் சமயத்தில் வாங்கி மிச்சமிருக்கிற வலி மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் உங்கள் கைக்கு வரட்டும். 14416 என்ற எண்ணை உங்கள் போனிலும் மகன் போனிலும் பதிந்துகொள்ளுங்கள். ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நம் மாநிலத்தில் நடக்கிற இலவச மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அவர்தான் பேச வேண்டும் என்றில்லை, நீங்களும் பேசலாம்.

இனி, இது வெறும் உடம்பு அசதியா, மனநோயா என்ற கேள்விக்கு வருகிறேன்.

கரண்ட் வைத்த உடம்பு சோர்ந்துதான் போகும். பசி குறையும், எடை குறையும், தூக்கம் கெடும். மனச்சோர்வு வந்தாலும் இதேதான் நடக்கும். அதனால்தான் புற்றுநோயாளியின் மனச்சோர்வு பல வீடுகளிலும், ஏன், பல மருத்துவமனைகளிலும் கண்ணில் படாமலே போகிறது. ‘இவ்வளவு பெரிய நோய் வந்தவர் வாடாமல் இருப்பாரா’ என்று எல்லோரும் நியாயம் சொல்லிவிடுகிறோம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் 1983-ல் இரண்டு மனநல மருத்துவர்கள் இதற்கென்றே 14 கேள்விகள் கொண்ட ஒரு தாளை உருவாக்கினார்கள். உடம்பு சம்பந்தப்பட்ட அறிகுறிகளைக் கூடியமட்டும் தள்ளிவைத்துவிட்டு, மனதை மட்டும் அளக்கப் பார்க்கும் தாள். முன்பு ரசித்ததை இப்போதும் ரசிக்க முடிகிறதா, சிரிக்க முடிகிறதா, தன் தோற்றத்தில் அக்கறை இருக்கிறதா, ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்ற பயம் அடிக்கடி வருகிறதா, இந்த மாதிரிக் கேள்விகள். உலகம் முழுக்கப் புற்றுநோய்ப் பிரிவுகளில் இன்றும் புழங்குகிறது.

அந்தக் கண்ணோடு உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். ருசி தெரியாதது கரண்டின் வேலை. பேரனைத் தூக்காததைக் கரண்டின் தலையில் போட முடியாது. மூன்று மணிக்கு விழித்துக்கொள்வது, தன்னைத்தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்வது, மற்றவர்களுக்குப் பாரம் என்ற நினைப்பு எல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக எல்லா நாளும் இருந்தால் அதை மனச்சோர்வு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நேரில் பார்க்காமல் நான் முடிவாகச் சொல்லக்கூடாது. ஆனால் ஒரு மனநல மருத்துவர் அவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் ஒருவருக்கு மட்டும் வந்த விசித்திரமும் இல்லை இது. 94 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2011-ல் வெளியான கணக்கில், சிகிச்சையில் இருக்கும் புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. பதற்றம், புதிய நிலைமைக்கு ஒத்துப்போக முடியாத தவிப்பு ஆகியவற்றையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் மேலே போகும்.

மருந்துக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை அவசியம். கழுத்துக்குக் கரண்ட் வைக்கும்போது தைராய்டு சுரப்பியும் அதில் மாட்டிக்கொள்ளும். மாதங்கள் கழித்து அது மெதுவாகத் தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். கழுத்துக்குக் கரண்ட் வைத்தவர்களில் கணிசமானவர்களுக்கு இது வருகிறது. தைராய்டு குறைந்தால் ஆள் மந்தமாவார், பேச்சு குறையும், குளிர் தாங்காது, எதிலும் பிடிப்பு இருக்காது. பார்க்க அச்சு அசலாக மனச்சோர்வு போலவே இருக்கும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்கு ஒரு தடவை, தைராய்டின் வேலையைக் காட்டும் டி.எஸ்.எச். பரிசோதனை எடுக்கச் சொல்வது வழக்கம். இவருக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது. எடுத்திருக்கிறார்களா என்று பைலைப் பாருங்கள், இல்லையென்றால் அடுத்த ரிவியூவில் கேட்டு எடுத்துவிடுங்கள். கூடவே ரத்த சோகைக்கும் பார்க்கச் சொல்லுங்கள். தீராத வலி இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். வலியோடு இருக்கிற மனுஷனிடம் மனதைத் தேற்றிக்கொள் என்பது அநியாயம்.

அடுத்தது, நீங்கள் ஊரார் வாயிலிருந்து கேட்டு உள்ளே புதைத்து வைத்திருக்கும் பயம். மனசை விட்டால் நோய் திரும்பி வருமா?

வராது. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் வாய், தொண்டை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்துக்கொண்ட 1,093 பேரின் மனநிலையைப் பதிந்துவைத்து, அவர்கள் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்று தொடர்ந்து பார்த்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் மனம் தெம்பாக இருந்ததா, சோர்ந்து இருந்ததா என்பதை வைத்து யார் பிழைப்பார், யார் மாட்டார் என்று சொல்ல முடியவில்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு வந்த அதே வகை நோய்க்காரர்கள் என்பதால்தான் இந்த ஆய்வை எடுத்துச் சொல்கிறேன். மனச்சோர்வு வேறு வழியில் கெடுதல் செய்யும். ரிவியூவுக்குப் போக மாட்டார், சாப்பிட மாட்டார், வாய்ப்பயிற்சியை விட்டுவிடுவார், மறுபடி புகையிலையைத் தேடுவார். அதற்காகத்தான் அதைக் குணப்படுத்த வேண்டும். அழுதால் புற்று வளரும் என்பதற்காக அல்ல.

புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்று ஒரு தனித் துறையையே வளர்த்தவர் ஜிம்மி ஹாலண்ட் என்ற அமெரிக்க மருத்துவர். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் 1977-ல் இந்தச் சேவையைத் தொடங்கியவர். நோயாளியை எப்போதும் நம்பிக்கையாக, சிரித்த முகமாக இருக்கச் சொல்லி வற்புறுத்துவதை அவர் ஒரு ‘கொடுங்கோன்மை’ என்றே சொன்னார். எத்தனையோ வீடுகளைப் பார்த்த பிறகு, அந்த வார்த்தை கொஞ்சமும் மிகையில்லை என்று எனக்கும் படுகிறது. யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக்காரர் மூன்று மணிக்கு எழுந்து உட்காருகிறார். பயமாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தால், ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க’ என்று எல்லோரும் சொல்கிறீர்கள். அன்பில்தான் சொல்கிறீர்கள். ஆனால் அவர் காதில் அது, ‘இதைப் பேசாதீங்க’ என்று விழுகிறது. போதாததற்கு, பயந்தால் நோய் வரும் என்றும் கேட்டிருக்கிறார். ஆகவே, பயந்ததற்காகவும் சேர்த்துப் பயப்படுகிறார்.

ஒரே ஒரு வாரம், தைரியம் சொல்வதை நிறுத்திப் பாருங்கள். அதற்குப் பதில் கேளுங்கள். ‘இப்ப உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?’ கேட்டுவிட்டு, அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் இடையில் புகாமல் இருங்கள். கன்னத்தில் ஆபரேஷன் ஆனவர், பேச்சு குழறும், மெதுவாகத்தான் வரும். என்னிடம் வந்த ஒரு பஸ் கண்டக்டரின் குடும்பம், அவர் சாவுக்குப் பயப்படுகிறார் என்று ஆறு மாதமாக நம்பிக்கொண்டிருந்தது. தனியாகக் கேட்டபோது அவர் சொன்னது, ‘டீக்கடையில நாலு பேர் முன்னால வாயோரம் எச்சில் ஒழுகுது டாக்டர்.’ சாவைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. எச்சிலுக்குச் செய்ய வேண்டியது நிறைய இருந்தது, செய்தோம். கேட்காமலே இருந்திருந்தால் சாவைப் பற்றியே தேற்றிக்கொண்டிருந்திருப்போம்.

‘புகையிலை போட்டேன், அனுபவிக்கிறேன்’ என்பதற்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். புகையிலைதான் காரணம் என்பது உண்மை, அதை மறுத்தால் உங்களை நம்ப மாட்டார். இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோயே முதலிடத்தில் இருக்கிறது என்றால் முதன்மைக் காரணம் அதுதான். ஆனால் அடுப்பு முன்னால் விடிய விடிய நின்று வேலை பார்க்கும் ஆட்களுக்கு அதைப் பழக்கிவிட்டது யார்? தூக்கம் வராமலிருக்க, பசி தெரியாமலிருக்க என்று வேலையிடத்தில் பக்கத்து ஆள் நீட்டியதுதானே. பழகியவரைப் பிடித்துக்கொள்ளும் பொருள் அது. அதை விட்டுவிட்டார் என்றால் அது சாதாரணக் காரியம் இல்லை, அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இன்னும் விடவில்லை, ஒளித்துப் போடுகிறார் என்றால் சண்டை வேண்டாம். 1800 11 2356 என்ற இலவச எண்ணில், விடுவதற்கு உதவி செய்கிறார்கள். வீட்டில் யாராவது ‘அப்பவே சொன்னேன் கேட்டியா’ என்று ஆரம்பித்தால் மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள், அது கொழுந்தனாராகவே இருந்தாலும்.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அதுதான். வாழ்நாள் முழுக்க உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்பு பார்த்தவருக்கு, அந்த உள்ளங்கையும் நாக்கும் இன்று ஒன்றுமே சொல்வதில்லை. இதை மற்றவர்களின் ருசி இழப்போடு ஒப்பிட முடியாது. வாழ்க்கைத் தரம் என்று நாங்கள் மருத்துவத்தில் சொல்வதன் அர்த்தம் இதுதான். ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, ஆனால் மனுஷனுக்கு அவனுடைய தொழிலும் பேரும் திரும்பக் கிடைக்கவில்லை.

ருசி பெரும்பாலானவர்களுக்கு மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். ஒரு வருஷம்கூட ஆகலாம். சிலருக்குப் பழையபடி முழுசாக வருவதில்லை. ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள், ‘இன்னும் காலம் இருக்கு’ என்று சொல்லலாம், அது உண்மை. எச்சில் குறைந்து வாய் வறண்டிருந்தால் உள்ள ருசியும் தெரியாது. கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். காரமும் புளிப்பும் எரியும். குழைய வடித்த சோற்றில் நெய் விட்ட பருப்பு, நீர்மோர், கேப்பைக் கூழ், காரமில்லாத ரசம் என்று ஈரமாகக் கொடுங்கள். வாய் திறப்பது குறைந்திருந்தால் ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்துச் செய்யும் பயிற்சி உண்டு. மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அதை விட்டிருந்தால் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். விழுங்கும்போது புரை ஏறினால் விழுங்கும் பயிற்சி கொடுக்கும் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

கொல்லைப்பக்கம் போவதற்காகக் கோபிக்காதீர்கள். பருக்கை வாயிலிருந்து விழுவதைப் பேரன் பார்த்துவிடக்கூடாது என்ற கூச்சமாக இருக்கலாம். எல்லோரோடும் உட்காரச் சொல்லாமல், நீங்கள் மட்டும் உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். பேச வேண்டாம், சாப்பிட்டால் போதும்.

அடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்கு நாக்குதான் போயிருக்கிறது. அளவு தெரியும், பக்குவம் தெரியும், தாளிக்கிற வாசனையிலேயே எண்ணெய் காய்ந்ததா என்று தெரியும். முந்நூறு பேர் பந்திக்கு எத்தனை படி அரிசி, சாம்பாருக்கு எவ்வளவு பருப்பு என்பது அவர் தலைக்குள் இருக்கிறது. முன்பு கூட வேலை பார்த்த பையன்களில் ஒருவரை வரச்சொல்லி, வீட்டிலேயே ஒரு சின்னச் சமையல் செய்யச் சொல்லுங்கள். பையன் உப்பு பார்க்கட்டும், மற்றதை இவர் சொல்லட்டும். முதல் நாள் பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விடுவார். பரவாயில்லை. மனச்சோர்வில், மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் மனம் வராது. செய்யத் தொடங்கினால் பின்னாலேயே கொஞ்சம் வரும். சிகிச்சையாகவே நாங்கள் இதைச் செய்கிறோம். தினமும் சாயங்காலம் கால் மணி நேரம் நடப்பதும் அப்படித்தான். கேன்சர் அசதிக்கு ஓய்வைவிட நடை நன்றாகவே உதவுகிறது.

மாத்திரை விஷயத்தில் கொழுந்தனார் பயப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது. அல்ப்ரசோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் போட்டால் பழக்கமாகிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேறு வகை, அவை போதையோ அடிமைத்தனமோ தருவதில்லை. வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம் எடுக்கும். முதல் வாரத்தில் வயிற்றைப் பிரட்டலாம், அதைப் பார்த்து நிறுத்திவிடக்கூடாது. சரியான பிறகும் சில மாதம் தொடர்ந்து, டாக்டர் சொல்லும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும். பசியையும் தூக்கத்தையும் மீட்டுத்தரும் மாத்திரைகளும் இந்த வகையில் உண்டு. மனநல மருத்துவரிடம் மூன்று விஷயங்களை மறக்காமல் சொல்லுங்கள். வாய் வறட்சி இருக்கிறது, ஏனென்றால் அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மாத்திரைகள் அதைக் கூட்டிவிடும். வலிக்கு ட்ரமடால் போடுகிறாரா, ஏனென்றால் அது சில மாத்திரைகளோடு ஒத்துப்போகாது. தைராய்டு முடிவு என்ன.

ஸ்காட்லாந்தில் மனச்சோர்வு இருந்த 500 புற்றுநோயாளிகளை இரண்டு பிரிவாக்கி 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினரை, பயிற்சி பெற்ற நர்ஸ்களும் மனநல மருத்துவர்களும் புற்றுநோய் மருத்துவமனையோடு சேர்ந்தே கவனித்தார்கள், மாத்திரையும் பேச்சுச் சிகிச்சையுமாக. ஆறு மாதத்தில் அவர்களில் 100-க்கு 62 பேருக்கு மனச்சோர்வு பாதிக்குமேல் குறைந்தது. வழக்கம்போல ‘பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று விடப்பட்டவர்களில் 17 பேருக்குத்தான். உங்கள் கொழுந்தனாரிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள். எங்கே போவது என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, காசு ஆகாது. கரண்ட் வைத்த மருத்துவமனையிலேயே இப்படி ஒரு பிரிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்கென்றே தனித்துறை இருக்கிறது. ‘பைத்தியத்துக்குப் பார்க்கிற இடம்’ என்று அவர் மறுத்தால், ‘தூக்கம் வரலைன்னு சொல்லிப் பார்த்துட்டு வருவோம்’ என்று அழைத்துப்போங்கள். அதில் பொய் இல்லையே.

ரிவியூ வார நடுக்கம், நோய் போய் வருஷங்கள் ஆனவர்களுக்கும் வரும். அந்த வாரத்தில் வாக்குவாதம், பணக்கணக்கு எதையும் எடுக்காதீர்கள். முடிந்தவரை காலை முதல் டோக்கனுக்குப் போய்விடுங்கள், காத்திருக்கும் நேரம் குறையும்.

கடைசியில் நீங்கள் ‘அது போகட்டும்’ என்று எழுதியிருந்தீர்கள். போகட்டும் என்று என்னால் விட முடியவில்லை. ஒரு வருஷமாக டியூப் வழியே கஞ்சி ஊற்றி, பஸ் ஏறி இறங்கி, அனேகமாக நகையை அடகு வைத்து, இரவில் அவர் எழுந்து உட்காரும் சத்தத்துக்கு நீங்களும் விழித்திருக்கிறீர்கள். பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு கோடு போட்டு, இந்த வாரம் மனக்கஷ்டம் எவ்வளவு என்று அவரைக் குறிக்கச் சொல்லுங்கள். நான்கு அல்லது அதற்கு மேல் என்றால் உதவி தேவை என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். பிறகு அதே கோட்டில் நீங்களும் உங்களுடையதைக் குறியுங்கள். வாரத்தில் இரண்டு இரவாவது மகனோ நாத்தனாரோ அவர் அறையில் படுக்கட்டும், நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். மனநல மருத்துவரிடம் போகிற அன்று இரண்டு ஓ.பி. சீட்டு போடுங்கள், ஒன்று அவர் பேரில், ஒன்று உங்கள் பேரில்.